அரித்தெடுத்த கடல்தரை

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி என்ற ஊரில் ஒரு தென்னந்தோப்பு வீட்டின் பக்கவாட்டு அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வாளையார் மலையடிவாரத்துப் பாறை ஒரு காலத்தில் கடலின் தரை என்றும், அது எந்தக் காலம் என்றும் காட்ட முயன்றுகொண்டிருந்தேன். பாலக்காட்டில் சம்பள உத்தியோகத்திலிருந்த என் உறவினர்கள் இதை வேலையில்லாமையின் ஒரு வகையாகவே கருதினார்கள். தவறென்று சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். கடலின் தரை பிளக்கும் இடத்தில் பாறைக்குழம்பு மேலேறி வந்து, குளிர்ந்து, கறுப்புப் பாறையாகிறது. புதிய தரை அப்படித்தான் பிறக்கிறது. வயதைச் சொல்லும் சிர்கான் படிகம் அந்தக் கறுப்பில் அநேகமாக இருக்காது. குழம்பு உறைந்து முடிகிறபோது மிஞ்சும் கடைசிச் சொட்டு வெளிர்நிற நரம்பாக ஓடும், இருந்தால் அதில்தான். படிகம் உருவாகும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறது. அது மெல்ல மெல்ல ஈயமாகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் பாறை பிறந்த காலம் தெரிந்துவிடும்.

அப்படி ஒரே ஒரு நரம்பை ஒரு கல்குழியில் கண்டுபிடித்து ஒரு சாக்கு உடைத்து வந்தேன். அடுத்த வாரம் போனபோது மிச்சமெல்லாம் வெடிவைத்து ஜல்லியாகி லாரி ஏறியிருந்தது. ஆக, இருந்தது அந்த ஒரு சாக்குதான். படிகங்கள் மாதக் கடைசிக்குள் வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என் முறை தவறிவிடும். முறை தவறினால் ஆராய்ச்சிப் பதிவும் காலாவதி. பேராசிரியர் இதை இரண்டு கடிதங்களில், இரண்டிலும் அன்பில்லாமல், தெரிவித்திருந்தார்.

ஒரு வாரம் இரும்பு உரலில் இடித்துச் சலித்தேன். அடுத்தது நீரில் அரிப்பது. கிணற்றடியில் நான் அரித்த அழகில் பாதிப் பொடி என் காலில் ஓடியது. வீட்டுக்கார அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பொறுமை அவ்வளவு மூத்ததல்ல.

“ஏனுங்க சார், இப்படி அரிச்சா சோத்துல கல்லுதானுங்க இருக்கும். இங்க குடுங்க.”

நன்றியுடன் கொடுத்தேன். கொடுத்ததோடு விடாமல் கடல்தரை எப்படிப் பிறக்கிறது என்று அரை மணி நேரம் விளக்கவும் செய்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி ‘உம்’ கொட்டினார். அன்றே, கல்லூரியில் மைக்ராஸ்கோப்புக்கு முறை சொல்லி வைக்க, பாலக்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினால், பாயில் வெள்ளை வெளேரென்று பொடி காய்ந்துகொண்டிருந்தது. “ஒரு கல்லு இல்லீங்க. கைய வெச்சுப் பாருங்க, மாவாட்டம்” என்றார்.

வைத்துப் பார்த்தேன். மாவாட்டம்தான் இருந்தது. அரிசி அரிக்கும்போது மேலே வருவதை எடுத்துக்கொண்டு அடியில் தங்கும் கல்லைக் கொட்டுவார்கள். எனக்கு வேண்டியதோ அடியில் தங்குவது, சிர்கான் கனமானது. அரை மணி நேரப் பிரசங்கத்தில் இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எனக்கு இடம் கிடைத்திருக்கவில்லை.

அடியில் நின்றது எங்கே என்று கேட்டேன்.

“அந்தக் கல்லுங்களா? கொட்டத்தானுங்க போனேன்.” அவர் மாட்டுக் கயிற்றை இழுத்து முடிந்தார். “அப்பறம் பாத்தா நல்லா கரகரன்னு இருந்துதுங்க. அண்டா தேய்க்க ஆகும்னு சிரட்டைல எடுத்து வெச்சனுங்க.”

ஓடினேன். பாத்திரம் கழுவும் கல்லின் மேல், புளிச்சக்கைக்குப் பக்கத்தில், ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் முக்கால் அளவு என் ஆராய்ச்சி. வேறு மணல் எதுவும் கலக்கவில்லையே என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவருக்குக் கோபம் வந்தது.

“எதுக்குங்க கலக்கறேன்? ஒருக்காத்தான் தேச்சேன், அண்டாவே கீறிப்போச்சு. உங்க கடலு ஊட்டுச் சாமானத்துக்கு ஆகாதுங்க.”

பித்தளையைக் கீற எத்தனையோ தாதுக்களால் முடியும். இருந்தாலும், அடுத்தவர் பாத்திரம் கெட்டதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. புளியைப் பற்றியும் கவலையில்லை. மலைகள் கரைந்த காலமெல்லாம் தாங்கிய படிகம் அது.

மறுநாள் கல்லூரியில் இரும்புத்தூளைக் காந்தத்தால் எடுத்து, மிச்சத்தைக் கனமான திரவத்தில் கொட்டி, மூழ்கியதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு மூலையில், வெளிர் சிவப்பில், இரு முனையும் சீவிவிட்டாற்போல ஒரு படிகம். பக்கத்திலேயே இன்னொன்று. பிறகு தேட வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பொறுக்கியெடுத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, பதிவுத் தபாலில் சேர்த்தேன். ரசீதைப் பைக்குள் வைத்த பிறகுதான், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. தபாலாபீஸுக்கு எதிர்க்கடையில் எட்டு இட்லி சாப்பிட்டேன்.