துணி காய்ந்த ஞாயிறு

ஈரக் கம்பளி வாசம்.

மூணாறுக்கு மேலே, எங்கள் எஸ்டேட் ஸ்டாஃப் கிளப்பின் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் வரும். பெரிய துரை ஊரைவிட்டுப் போகும்போது எங்களுக்கு விட்டுப்போன பில்லியர்ட்ஸ் மேசை. நாங்கள் அதில் பூல் ஆடினோம். மழைக்காலத்தில் அதன் பச்சைக் கம்பளித் துணி ஈரம் குடித்து ஊறிக் கிடக்கும். பந்து சேற்றில் நடப்பதுபோல் நடக்கும்... அதனால் எங்கள் ஆட்கள் எல்லோருமே ஓங்கி அடித்துப் பழகியவர்கள்.

எழுபதுகளின் கடைசி. நான் எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்ட். மதுரையில் பி.ஏ. இலக்கியம் படித்துவிட்டு, 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தேன்.

யோசனை செல்வராஜுடையது. ஃபேக்டரி ஃபிட்டர். எங்கள் பக்கத்தில் அவனைவிட நன்றாக ஆடுகிறவன் கிடையாது. மூன்று ஊர், மூன்று ஞாயிறு, ஒரே சுற்றுப்போட்டி. முதலில் எங்கள் கிளப், பிறகு கஞ்சிக்கோடு, கடைசியில் ஆனைக்கரை. ஜெயித்தவனுக்குக் கோப்பை மட்டும் அல்ல, பணம். அதைக் கொடுக்க வெளியாள் ஒருவர் வேண்டும். ஸ்பான்சர் என்ற சொல்லை அந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாக அடித்தேன்.

பல கடிதங்கள். ஒரே ஒரு பதில்.

பாலக்காட்டு டீத்தூள் வியாபாரி காதர் ராவுத்தர். முதல் ஊருக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். அது ஒழுங்காக நடந்து முடிந்தால்தான் மற்ற இரண்டுக்கும் கையெழுத்து.

அந்த ஞாயிறு காலை, கஞ்சிக்கோட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு உடுமலை, மறையூர் வழியாக அவருடைய வேன் வந்து நின்றது. மறையூர் வரை வெயிலாம். எங்கள் பக்கம் மழை.

கஞ்சிக்கோட்டு பழனிச்சாமி, லேத் ஆபரேட்டர், மேசையில் ஒரு பந்தை உருட்டிப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

"ஏனுங்க, இது மேசைங்களா, நாத்தங்காலுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். செல்வராஜ் சிரிக்கவில்லை.

"கோயமுத்தூர் கிளப்புல எல்லாம் துணிய இஸ்திரி போடுவாங்க, தம்பி. போட்டாத்தான் பந்து ஓடும்," என்றார் பழனிச்சாமி.

நாங்கள் யாரும் மேசைக்கு இஸ்திரி போட்டதில்லை. செல்வராஜ் ஓடிப்போய்க் கரி இஸ்திரிப்பெட்டியைக் கனல் போட்டு எடுத்துவந்தான். ஒரு செம்பில் தண்ணீரும். சர்ச்சுக்குப் போகிற சட்டைக்குத் தெளிப்பதுபோல் மேசை முழுக்கக் கையால் தெளித்தான். நாங்களும் சுற்றி நின்று, இந்த ஓரம் விட்டுப்போச்சு, அந்த ஓரம் விட்டுப்போச்சு என்று காட்டிக்கொடுத்தோம்... பழனிச்சாமி வேனிலிருந்து தன் கோலை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அட கெரகமே! ஈரத்த எடுக்கச் சொன்னா குளிப்பாட்டி வெச்சிருக்கறயே சாமி!"

ராவுத்தர் தன் பெயர் எழுதிய பேனரைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை.

"நாலு மணிக்கு வேன் எடுக்கோணும். அதுக்குள்ள ஒருத்தன் ஜெயிக்கலீன்னா மத்த ரெண்டு ஊரும் இல்லீங்க அம்மிணி. ஆடாத ஆட்டத்துக்கு எம் பேரு எதுக்கு?"

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கடிதம் எழுதியவள் நான்.

செல்வராஜ் செம்பை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் டீமேக்கர் தங்கையா அண்ணன் துணியைக் கையால் அழுத்திப் பார்த்தார். ஃபேக்டரியில் இலையின் ஈரத்தை அப்படித்தான் பார்ப்பார்.

"ஏலே செல்வராசு, செம்பக் கீழ வையி. நாலு வெள்ளப் போர்வ கொண்டா. ஃபேக்டரியில தூள் வறுக்குற டிரையர் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

வறுபட்ட தூள் ஈரத்தை இழுக்கும். திறந்து வைத்த டீ ஒரே நாளில் நமுத்துப்போவது எல்லா எஸ்டேட் வீட்டுக்கும் தெரியும். ஆனால் அதை மேசைக்குத் திருப்பிப் போட அவருக்குத்தான் தோன்றியது. துணிமேல் போர்வை விரித்து, சூட்டோடு இறக்கிய கழிவுத் தூளைக் கூடை கூடையாகக் கொட்டினோம். ஆறியதும் அள்ளி மறுபடி சூடாக... நானும் கூடை தூக்கினேன். புடவையெல்லாம் தூள்.

ராவுத்தர் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

"இது எந்த கிரேடுங்க?"

"தரையில கூட்டுனது மொதலாளி. வெளிய விக்கிறதில்ல," என்றார் தங்கையா அண்ணன்.

"பின்ன எங்கூட்டு டீத்தண்ணிக்கு இதே வாசம் வருதே!"

மதியம் தாண்டித் துணி காய்ந்தது. எங்கள் மேசையில் அப்படி ஒரு வேகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. அதுதான் வினையாயிற்று. ஓங்கி அடித்துப் பழகிய கைகள்... பந்து குழியின் வாய்வரை போய், மோதி, திரும்பி வந்தது. எங்கள் ஆட்கள் வரிசையாக விழுந்தார்கள். செல்வராஜ் மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் கையைக் குறைத்துக் குறைத்துக் கடைசிவரை வந்தான். கடைசிப் பந்தில் பழனிச்சாமியிடம் தோற்றான்.

நாங்களே காய வைத்த மேசையில் நாங்களே தோற்றோம். அதற்காக யாரும் வருந்தியதாக நினைவில்லை. மணி நாலாக இன்னும் நேரம் இருந்தது. கூட்டம் ஜன்னல்வரை நின்று கைதட்டியது.

ராவுத்தர் மற்ற இரண்டு ஊருக்கும் கையெழுத்துப் போட்டார். ஆடுகிறவர்களின் பட்டியல் ஒன்று கேட்டார். பெயர், ஊர், தொழில். அங்கேயே மெஷினை வரவழைத்து உட்கார்ந்தேன். செல்வராஜ் முறை வந்தது. 'ஃபிட்டர்' என்று அடிக்கப் போனேன்.

"பிளேயர்னு போடுங்கக்கா."

"தோத்தவனுமாப்பா?" என்றார் ராவுத்தர்.

"ஆடுனவந்தான மொதலாளி."

ராவுத்தர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். உடனே பழனிச்சாமி தன் பெயருக்கு எதிரே 'லேத் ஆபரேட்டர்' என்று அடித்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அப்ப எனக்கும் மாத்திருங்க அம்மிணி."

காகிதத்தை உருவிவிட்டுப் புதிதாக அடித்தேன். வரிசையாக எல்லோருக்கும் ஒரே தொழில்.

இப்போது டி.வி.யில் பூல் ஆட்டம் வருகிறது. ஆடுகிறவன் சட்டையில் ஏழெட்டுக் கம்பெனிப் பெயர்கள். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

நல்லதுதான். ஆனால் 'தொழில்: பிளேயர்' என்று ஒரு காகிதத்தில் முதன்முதலாக அடித்துப் பார்க்கும் சந்தோஷம் அவர்களில் யாருக்கும் கிடைத்திருக்காது. எனக்குக் கிடைத்தது.