காசு வாங்காத டாக்டர்

எங்கள் கட்டடத்தில் யாருக்கு ஜுரம் வந்தாலும் அந்த டாக்டரிடம்தான் போவோம். பம்பாயில், மாதுங்கா ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அவருடைய டிஸ்பென்சரி இருந்தது. அவர் பாலக்காட்டுக்காரர். நாங்களும் பாலக்காடு என்பதால் எங்களிடம் காசு வாங்கமாட்டார். நவராத்திரிக்கும் விஷுவுக்கும் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்துக் கொடுத்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். குஜராத்திக்காரர்களும் மராத்திக்காரர்களும் காசு கொடுத்து நாக்கை நீட்டினார்கள். நாங்கள் சும்மா நீட்டினோம். இதில் எப்பேர்ப்பட்ட வில்லங்கம் இருக்கிறது என்பது அம்மாவின் கை போன பிறகுதான் தெரிந்தது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஊரெல்லாம் மலேரியா. கொயினா மாத்திரை கடைகளில் கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் குளிர்ஜுரம் விட்டுவிட்டு அடித்தது. ஊசியாகவே போட்டுவிடலாம் என்றார் டாக்டர். அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். எனக்குப் பத்து வயது இருக்கும்.

டாக்டருக்குச் சங்கீதப் பித்து. முந்தின வாரக் கச்சேரியில் மிருதங்கம் பாட்டை அமுக்கிவிட்டது என்பது அவருடைய கட்சி. அப்பா அதற்கு எதிர்க்கட்சி. வாய் வாதம் செய்துகொண்டிருக்கக் கை அதுபாட்டுக்கு அம்மாவின் வலது புஜத்தில் ஊசியை இறக்கிற்று.

"ஐயோ, கட்டைவிரல் வரைக்கும் சுரீர்ங்கறது, எடுங்கோ, எடுங்கோ!" என்று அம்மா கத்தினாள்.

"கொயினா அப்படித்தான் ஆக்கும் மாமி, பல்லைக் கடிச்சுக்கோங்கோ" என்றார் டாக்டர். மருந்து முழுவதையும் செலுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மிருதங்கத்தைத் தொடர்ந்தார். அப்பாவும் தொடர்ந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை இருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா காப்பி டம்ளரை எடுக்கப் போனாள். கை மணிக்கட்டிலிருந்து தொங்கிற்று. தூக்க வரவில்லை. விரல்களை விரிக்கவும் வரவில்லை. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றார் டாக்டர். பிறகு எண்ணெய் தேய்க்கச் சொன்னார். பிறகு பலவீனம்தான் காரணம் என்று முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார். அம்மா கட்டுக்கட்டாகக் கீரை சாப்பிட்டாள். கை தொங்கியபடியே இருந்தது.

அப்பா அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த பெரிய டாக்டர் குண்டூசியால் குத்திப் பார்த்துவிட்டு, ஊசி நரம்பில் இறங்கிவிட்டது, இனி அந்த நரம்பு தேறாது என்று சொன்னார். அதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று அப்பா கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொரு டாக்டருக்கு எதிராகத் தன் பேனா எழுதாது என்று சொல்லி, மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீடு நடக்க வேண்டுமே. தம்பி கைக்குழந்தை. அப்பாவுக்குக் கோட்டையில் ஆபீஸ். காலையில் லோக்கலைப் பிடித்தாக வேண்டும். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அம்மா பலகையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் குமுட்டி அடுப்பில் கரி போட்டு விசிறி, சாதம் வடித்தேன். கணக்கு டீச்சரிடமிருந்து தப்பித்த சந்தோஷத்தில் கையைச் சுட்டுக்கொண்டதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அம்மாவுக்குப் பட்டது. ஒருநாள் என் கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "ஏன்னா, ஊசி போட்டவர்கிட்ட எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சமைக்கறதுக்கு ஒரு மாமியை வெச்சுக்கணும். அந்தச் சம்பளத்தை மாசாமாசம் அவர் கொடுக்கட்டும். இந்தக் குழந்தை ஸ்கூலுக்குப் போகணும்."

அப்பா சட்ட யோசனை கேட்கக் கிளம்பினார். மூன்றாம் மாடியில் இருந்த மாமா ஒரு சொலிசிட்டர் ஆபீஸில் ஹெட்கிளார்க். வக்கீல்களைவிட அவருக்குச் சட்டம் அதிகம் தெரியும் என்பது கட்டடத்தின் நம்பிக்கை; அவருடைய நம்பிக்கையும் அதுதான்.

"ஃபீஸ் கொடுத்ததுக்கு ரசீது இருக்கா ஓய்?" என்றார் மாமா.

"அவர்தான் நம்மகிட்ட வாங்கறதே இல்லையே."

"அப்பக் கேஸ் எங்கே இருக்கு? ஓசியில பண்ணினா அது உபகாரம். உபகாரம் பண்ணினவன்மேல நஷ்டஈடு கேட்டா ஜட்ஜ் சிரிப்பான். முதல்ல ஃபீஸைக் கொடுத்து ரசீது வாங்கிண்டு வாரும்."

இப்படியாக, ஒரு மனிதர்மேல் வழக்குப் போடுவதற்காக அவருக்கே பணம் கொடுக்க அப்பா அலைய ஆரம்பித்தார். முதல் தடவை நீட்டியபோது டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "நம்மாத்து மனுஷாகிட்டக் காசா? என்ன வார்த்தை சொல்றீர்!" என்று நோட்டை அப்பாவின் சட்டைப் பையிலேயே திணித்து அனுப்பினார். அடுத்த தடவை அப்பா பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஓட்டமாக ஓடிவந்தார். சாயங்காலம் கம்பவுண்டர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். கூடவே அம்மாவுக்கு ஒரு பாட்டில் டானிக். அதற்கும் காசில்லை. கணக்கில் இன்னொரு உபகாரம் ஏறிவிட்டதே என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் மணியார்டர் யோசனை வந்தது. மணியார்டர் என்றால் வாங்கியவர் கையெழுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும்? எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் எட்டிவிடுகிற டிஸ்பென்சரிக்கு அப்பா தபாலில் பணம் அனுப்பினார். தபால்காரர் அதையும் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"டாக்டர் ஸாப் நஹி லேதா" என்றார் அலுப்பாக; டாக்டர் வாங்கமாட்டேன் என்கிறாராம். பிறகு அம்மாவைப் பார்த்து, அந்த டாக்டரின் மருந்துக்குத் தன் பெண்சாதியின் இருமல் ஒரே நாளில் நின்றுவிட்டது என்று இந்தியில் ஒரு பாட்டம் புகழ்ந்துவிட்டுப் போனார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தி அவ்வளவாக வராது; அன்றைக்கு அது ஒரு சௌகரியம்.

விஷயம் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. நம்மவர் ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுப்பதாவது என்று பெரியவர்கள் கொதித்தார்கள். கை போனதற்கு யாரும் இவ்வளவு கொதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் பாயை விரித்துப் பஞ்சாயத்து கூடிற்று. டாக்டரும் வந்தார். ரேஷன் சர்க்கரையில் பாதியைப் போட்டு நான்தான் காப்பி கலந்தேன். மூன்றாம் மாடி மாமா, ரசீது இல்லாதவர் கட்சியில் இனிப் பயனில்லை என்று கண்டு, நடுவராக மாறி உட்கார்ந்திருந்தார்.

அம்மா சமையலறை நிலைப்படியில் நின்று, தொங்குகிற கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "ஒரு சமையல்கார மாமிக்குச் சம்பளம். அது போறும் எனக்கு."

"ஆகட்டும் மாமி, அதையெல்லாம் பேசிக்கலாம். முதல்ல காப்பி ஆறிடப் போறது" என்றார் மாமா.

காப்பி குடித்தார்கள். டாக்டர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன். "என் கைராசிக்கு இப்படி ஒரு களங்கம் வரணும்னு இருக்கு. போறது. இந்த ஆத்துக்கு ஆயுசுக்கும் வைத்தியம் என் பொறுப்பு கேட்டேளா. ஒரு மாத்திரைக்குக்கூடக் காசு வேண்டாம்" என்றார்.

பேஷ் பேஷ் என்றார்கள் எல்லாரும். முன்னேயும் வாங்காத காசை இனிமேலும் வாங்கமாட்டாராம்! அதற்கா இத்தனை காப்பி? அந்தக் கூடத்தில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்க வேண்டாமா? எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அப்பா எழுந்து டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். படியிறங்கும்போது மறுபடியும் கச்சேரிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நிலைப்படியில் அம்மா இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு நான் பிறகு போகவே இல்லை.

அப்பா அந்த நஷ்டஈட்டை ஒரு சொட்டுக்கூட வீணாக்கவில்லை. தும்மினால் டாக்டர், கால் மரத்தால் டாக்டர். தம்பியை வாரம் தவறாமல் தூக்கிக்கொண்டு போவார். அம்மாவுக்கு மட்டும் அதன்பின் உடம்புக்கு ஒன்றுமே வரவில்லை. மழைக்காலத்தில் கட்டடமே மலேரியாவில் நடுங்கினபோதும் அவள் நன்றாக இருப்பதாகவே சொன்னாள். தன் டானிக்கின் மகிமை என்று டாக்டர் சொல்லிக்கொண்டார். அப்பாவும் ஆபீஸில் பெருமையாகச் சொன்னார்.

சில மத்தியானங்களில் அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அப்பா வருகிற நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, இடது கையால் குங்குமம் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் நான் விளையாட்டாக அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். உடம்பு கொதித்தது.

"என்னம்மா இப்படிச் சுடறது?"

"அடுப்படியிலேயே இருக்கேனோல்லியோ, அந்தச் சூடுடி. அப்பாகிட்டப் போய்ச் சொல்லிண்டிருக்காதே" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு அப்பாவுக்குக் காப்பி கலக்கப் போய்விட்டேன். அந்த வருஷமெல்லாம் அடுப்படியில் இருந்தது நான்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.