சுங்க வீட்டு வெருளி

பிள்ளைகள், நீங்கள் இரண்டு பேரும் அந்தத் துறைமுகத்தைப் பற்றி இப்போது கதைப்பதில்லை. வீட்டுக்குக் கீழே பேஸ்மன்ற்றில் அது இருந்த மேசை நின்ற இடத்தில் அம்மாவின் நடைப்பயிற்சி மெசின் நிற்கிறது. அதில் துவாய் காய்கிறது. ஆனால் நீங்கள் பெரியவர்களாகிய பிறகு ஆளுக்கொரு மாதிரி இந்தக் கதையைச் சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் கண்டதை எழுதி வைக்கிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. போட்டால் பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள் என்று என்னோடு சண்டைக்கு வருவீர்கள். மூத்தவன், சின்னவள் என்றே எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் மல்வேர்ன் பக்கம் இந்த வீட்டுக்கு வந்து இரண்டாவது வின்ரர் அது. மூத்தவனுக்கு அப்போது ஒரு விளையாட்டில் பைத்தியம் பிடித்திருந்தது. மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கிற விளையாட்டு. ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் கப்பலோட்டியாகவோ மந்திரவாதியாகவோ திரிவார்கள். எங்கள் வீட்டில் கதை சொல்லி மூத்தவன். ஞாயிறு பின்னேரங்களில் அவனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேர், ஒரு நெட்டையனும் ஒரு கண்ணாடிக்காரனும், சப்பாத்தைக் கழற்றி வாசலில் எறிந்துவிட்டு நேரே கீழே இறங்கிவிடுவார்கள்.

நான் ட்றக் ஓடுகிறவன். இரண்டு மூன்று நாள் ரோட்டில் இருந்துவிட்டு வந்தால், அடுத்த இரண்டு நாள் கைக்கு வேலை இருக்காது. மூத்தவன் ஒரு நாள் போனில், விளையாட்டு மேசையில் வைக்கிற ஒரு துறைமுகத்தின் படத்தைக் காட்டினான். எல்லாம் விரல் உயரம். "அப்பா, உது மாதிரி ஒண்டு இருந்தா சூப்பரா இருக்கும்" என்றான். "உது பிளாஸ்ரிக்கடா. நான் மரத்தில செய்து தாறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

சுவருக்குள் வைக்கிற ஃபோம் பலகையை வெட்டி, அதன்மேல் கசக்கிய அலுமினியத் தாளை உருட்டினால் கல்லுக் கட்டு மாதிரி வரும் என்று கண்டுபிடித்தேன். கோப்பி கலக்கிற குச்சிகள் இறங்குதுறையின் பலகைகளாயின. சீரியல் பெட்டி மட்டையைச் சிறிது சிறிதாக வெட்டி ஓடு வேய்ந்தேன். கடலுக்கு ரிசூத் தாளைப் பசையில் நனைத்து, விரலால் அலை கிள்ளி, நீலமும் கறுப்பும் அடித்து, மேலே பளபளக்கிற வார்னிஷ் ஊற்றினேன். கப்பல்களுக்குப் பழைய தலையணை உறையில் பாய்கள். நூலை மெழுகுதிரியில் இழுத்துக் கயிறு கட்டினேன். எல்லாம் ஒழுங்காக வந்தது, சுங்க வீட்டைத் தவிர.

அது துறைமுகத்தில் பெரிய கட்டடம். இரண்டு மாடி. மேல்மாடியிலிருந்து மூட்டை தூக்குவதற்கு ஒரு மரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் செய்ததற்கு ஸ்பிரே பெயின்ற் அடித்தேன். பெயின்ற் ஃபோமைத் தின்றுவிட்டது. பார்த்துக்கொண்டு நிற்கவே சுவர் உருகி, ஜன்னல்கள் வாயைத் திறந்தன. திரும்பச் செய்தேன். கூரை வளைந்தது. மூன்றாவதின்மேல் தேத்தண்ணி கவிழ்ந்தது.

உடுப்புக் கழுவ இறங்கி வந்த உங்கள் அம்மா அதைப் பார்த்துச் சிரித்தா. "கண்ணூறு பட்டிட்டுது. ஒரு வெருளியைக் கட்டித் தொங்கவிடுங்கோ."

ஊரில் வீடு கட்டும்போது வைக்கோலால் ஆள்போல ஒன்று செய்து, பழைய களிசானும் சேட்டும் போட்டு முன்பக்கம் தொங்கவிடுவார்கள். அதுதான் வெருளி. வீட்டின்மேல் விழுகிற கண்ணையும் கெடுதியையும் அது வாங்கிக்கொள்ளும். வீடு முடிந்தவுடன் அதைக் கழற்றி எரித்துவிட வேண்டும்.

அம்மா பகிடிக்குத்தான் சொன்னா. நானும் பகிடிக்குத்தான் செய்தேன். பாண் பை கட்டுகிற கம்பியை முறுக்கி உடம்பும் கையும் வைத்தேன். தலைக்கு நூல் உருண்டை. முகம் எழுதவில்லை. பெயின்ற் துடைக்க வைத்திருந்த என்னுடைய நீலக்கட்டச் சேட்டில் ஒரு துண்டு வெட்டி அதற்குச் சேட்டுப் போட்டு, நாலாவதாகக் கட்டத் தொடங்கின சுங்க வீட்டில், மூட்டை தூக்குகிற மரத்தில் ஒரு நூலில் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு சுங்க வீட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஓடு வேய்ந்து, கதவு பொருத்தி, எல்லாம் முடிந்தது. வெருளியைக் கழற்ற மறந்துபோனேன்.

முதல் ஞாயிறே நெட்டையன் அதைக் கண்டுவிட்டான். "உவன் ஆர்? ஏன் உதில தொங்கிறான்?"

மூத்தவனுக்கு அம்மா சொன்னது நினைவிருந்தது. கதை சொல்லிகளுக்கே வருகிற தணிந்த குரலில் சொன்னான்: "அவன்ர வேலை அது. இந்தத் துறைமுகத்துக்கு வாற கூடாதது எல்லாத்தையும் அவன் வாங்குவான்."

"எங்களுக்கு வாறதையும் வாங்குவானோ?"

மூத்தவன் யோசித்தான். "டைஸில சிக்ஸ் விழுந்தா வாங்குவான்."

அன்று தொடங்கியது. கதைக்குள் கண்ணாடிக்காரனின் ஆளை ஒரு சந்தில் கத்தியால் குத்தினார்கள். அவன் பகடை போட்டான், ஆறு விழுந்தது. குத்து வெருளிக்குப் போனது. அடுத்த கிழமை காய்ச்சல் பிடித்த கப்பல் ஒன்று கரைக்கு வந்தது. காய்ச்சலும் வெருளிக்குப் போனது. பிறகு நெட்டையன் பாய்மரத்திலிருந்து விழுந்தான். விழுந்ததையும் வெருளி வாங்கினான். ஒவ்வொரு தரமும் அவர்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். வெருளி நூலில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சுவரடியில், வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸின் காற்று வருகிற துவாரம் இருக்கிறது, அதனால்தான் சுற்றுகிறது என்று நான் அவர்களுக்கு விளக்கம் சொன்னேன்.

சின்னவள் படிக்கட்டில் வீட்டுப்பாடத்தோடு இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைச் சேர்க்கமாட்டார்கள், சின்னப்பிள்ளையாம்.

குத்து விழுந்த கிழமை, நான் ஒரு படகின் அடியைச் சீவும்போது பிளேட் வழுக்கிப் பெருவிரலடியை வெட்டிவிட்டது. காய்ச்சல் கப்பலுக்குப் பிறகு எனக்கு இருமல் வந்தது. நெட்டையன் பாய்மரத்திலிருந்து விழுந்து இரண்டு மூன்று நாளில், ட்றக் படியில் ஐஸ் பிடித்திருந்ததைக் கவனிக்காமல் கால் வைத்துச் சறுக்கி, தோள்மூட்டை அடித்துக்கொண்டேன். கத்தி பிடிக்கிறவனுக்குக் கை வெட்டும். ரொறன்ரோ வின்ரரில் இருமலும் சறுக்கலும் யாருக்குத்தான் இல்லை. நான் ஒன்றையும் ஒன்றோடு சேர்க்கவில்லை. சின்னவள் சேர்த்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட வந்தவள் தேய்க்காமல் நின்றாள். "அப்பா, அது உங்கட சேட்டெல்லோ போட்டிருக்கு."

"எது?"

"வெருளி. அண்ணா ஆக்கள் அதுக்குக் குடுக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான் வருது."

நான் சிரிக்கப் பார்த்தேன். "உனக்கென்ன விசரே? அது கம்பியும் துணியும். நான் வேற, அது வேற."

"அது உங்களுக்குத் தெரியும். அதுக்கு எப்பிடித் தெரியும்?"

குசினியில் சமைத்தபடி அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தா. "வீடு முடிஞ்சாப் பிறகு உது ஏன் இன்னும் தொங்குது? எரிக்கவேண்டியதெல்லோ. காவலுக்கு வீடில்லாட்டி அது ஆரின்ர வீட்டைப் பாக்கும்?" அவவும் பகிடியாகத்தான் தொடங்கினா. முடிக்கும்போது குரலில் பகிடி இல்லை.

"எரிக்கக் கூடாது" என்றாள் சின்னவள். "எரிச்சா அப்பாவுக்கு என்ன நடக்கும்?"

"சரி பிள்ளை, வேற சேட்டுப் போட்டுவிடுறன்."

அவள் இல்லையென்று தலையாட்டினாள். "இவ்வளவு நாளும் வாங்கினது எல்லாம் இந்தச் சேட்டுக்குள்ளதானே இருக்கு. அதை எங்க வைப்பீங்கள்?"

பிள்ளைக்குப் பயம் என்றால் அது சின்னப் பயம் என்று நினைக்கிறோம். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாள் ஞாயிறு. பின்னேரம் விளையாட்டு, அது முடிந்ததும் எனக்கு ட்றக் எடுக்கவேண்டும். வின்சர் நகரப் பக்கம் ஓட்டம். பனி கொட்டப்போகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "போகாதேங்கோ" என்று ஒரு தரம் மட்டும் சொன்னாள். பிறகு சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு நானும் கீழே போய் இருந்தேன். மூத்தவன் பெரிய கதையொன்றை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தான். கடல் பின்வாங்குகிறது. மீன்கள் சேற்றில் துடிக்கின்றன. தூரத்தில் கறுப்பாக ஒரு சுவர் எழும்புகிறது. அது அலை.

"துறைமுகம் முழுக்க எடுக்கிற அலை. ஆர் வாங்கிறது?" என்று கேட்டான்.

"வெருளி" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே வாயாக. நெட்டையன் பகடையைக் கைக்குள் குலுக்கினான்.

"நில்லுங்கோ." சின்னவள் படியிலிருந்து இறங்கி வந்தாள். "நானும் விளையாடுறன்."

"உனக்குக் கப்பல் இல்லை" என்றான் மூத்தவன்.

அவள் சுவர்த் தட்டிலிருந்து ஒரு படகை எடுத்தாள். நான் முதன்முதல் செய்து பிழைத்துப்போனது, பாய்மரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைச் சுங்க வீட்டுக்குக் கீழே இறங்குதுறையோடு ஒட்டி வைத்தாள். "நான் அவரை ஏத்திக்கொண்டு போப்போறன்."

"ஆரை?"

"அவரை." வெருளியைக் காட்டினாள்.

கண்ணாடிக்காரன் சிரித்தான். நெட்டையனுக்குக் கோபம். "உவன் போனா அலையை ஆர் வாங்கிறது?"

"நீங்கள் வாங்குங்கோ. உங்களுக்குத்தானே வந்தது."

மூத்தவன் என்னைப் பார்த்தான். "ஓகே. ரோல் பண்ணு. சிக்ஸ் விழுந்தாத்தான் ஏறுவான்" என்று பகடையை நீட்டினான்.

"டைஸ் போடமாட்டன். அவரைத்தான் கேக்கவேணும்." மேசையின்மேல் குனிந்து, முகத்தைச் சுங்க வீட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். என்னோடு கதைக்கிற குரலில்தான் கேட்டாள். "வாறீங்களோ?"

அந்த நேரம் ஃபர்னஸ் நின்றது. அது அடிக்கடி நிற்கும், பிறகு தொடங்கும். ஆனால் அதன் இரைச்சல் நின்றதும் பேஸ்மன்ற் எவ்வளவு பெரிதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காற்று இல்லை. யாரும் மேசையைத் தொடவில்லை. வெருளி கடலைப் பார்த்துத் தொங்கியது. பிறகு மெதுவாக, ஒரு ஆள் கூப்பிட்ட சத்தத்துக்குத் திரும்புகிற மாதிரி, அரை வட்டம் சுற்றி, சேட்டின் திறந்த பக்கம் சின்னவளுக்கு நேரே வந்து நின்றது. ஆடவில்லை, திரும்பச் சுற்றவும் இல்லை.

நூலில் முறுக்கு இருந்திருக்கும். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

"ஓம் எண்டுறார்" என்றான் மூத்தவன். அவன் குரல் கதை சொல்லியின் குரலாக இல்லை.

"அப்பா, நூலை வெட்டுங்கோ."

நகம் வெட்டுகிற கத்தரிக்கோல் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நூலை வெட்ட எனக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்ததென்று தெரியாது. வெட்டினேன். வெருளி மற்றக் கையின் உள்ளங்கையில் விழுந்தது. கம்பியும் துணியும்தான், பாரம் இருக்க வழியில்லை. ஆனால் பாரமாக இருந்தது. மழையில் நனைந்த உடுப்பின் பாரம். சின்னவளின் படகில், பாய்மரத்தோடு சாய்த்து வைத்தேன்.

அவள் ஒற்றை விரலால் படகைத் தள்ளினாள். வார்னிஷ் கடலில் அது சத்தமில்லாமல் போனது. மூத்தவன் சொன்ன கறுப்பு அலை எழும்பின பக்கத்தால் போய் மேசையின் விளிம்புக்கு வந்தது.

"எங்க போகுது?" என்று மூத்தவன் கேட்டான்.

"சொல்லமாட்டன்."

ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் படகை இறக்கி, மூடியைப் போட்டு, படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். அலை துறைமுகத்தின்மேல் விழுந்தது. வாங்குவதற்கு ஆளில்லாததால் எல்லாருக்கும் விழுந்தது.

"அங்கிள், உங்கட மகள் எங்கள் ரெண்டு பேரையும் சாகடிச்சுப்போட்டா" என்றான் நெட்டையன். எல்லாரும் சிரித்தோம். ஃபர்னஸ் திரும்பத் தொடங்கியது. சின்னவள் மேலே போய் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். நான் வெளிக்கிடும்போது வாசலில் நின்று "போயிட்டு வாங்கோ" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள்.

ஹைவேயில் பனி கிடைமட்டமாக அடித்தது. முன்னுக்குப் போகிற ட்றக்கின் சிவப்பு வெளிச்சம் தெரியும், மறையும். ஒன்றும் நடக்கவில்லை. இருமல்கூட வரவில்லை, தோளும் நோகவில்லை. பக்கத்து இருக்கையில் யாரோ இருக்கிற நினைப்பு வந்து சில தரம் திரும்பிப் பார்த்தேன். கையுறையும் தண்ணிப் போத்தலும் கிடந்தன. அந்தப் பயணம் முழுவதும் எனக்குப் பயம் வரவில்லை. அது ஏன் என்று யோசித்தபோதுதான் கொஞ்சம் பயம் வந்தது.

திரும்பி வந்தபோது நல்ல பகல். நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா வேலையில். ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கி, படிக்குக் கீழிருந்து சப்பாத்துப் பெட்டியை இழுத்துத் திறந்தேன்.

படகு இருந்தது. சாய்ந்த பாய்மரம் இருந்தது. படகில் ஒருவரும் இல்லை.

பாயைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டியின் மூலைகளைத் தடவினேன். முழங்காலில் குனிந்து காப்பெற் முழுவதும், மேசையின் கீழும், காற்றுத் துவாரத்தின் கம்பிக்குள்ளும் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். சின்னவள் எடுத்துப் புத்தகப் பைக்குள் வைத்திருக்கலாம். மூத்தவன் எடுத்திருக்கலாம். நான் உங்களிடம் கேட்கவில்லை. இதை வாசித்த பிறகும் நீங்கள் எனக்குச் சொல்லவேண்டாம்.

பிறகு மேசைக்குப் போய், கப்பலில் ஏறி இறங்க வைக்கிற மாதிரி விரல் நீளத்துக்கு மெல்லிய பலகையொன்று வெட்டி, கால் வழுக்காமல் இருக்கக் குறுக்கே சின்னச் சின்னச் சட்டங்கள் ஒட்டினேன். பசை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன். அதைப் படகின் விளிம்பிலிருந்து பெட்டியின் தரைக்குச் சாய்த்து வைத்து, ஆடுகிறதா என்று நுனிவிரலால் அமத்திப் பார்த்துவிட்டு, மூடியைப் போட்டேன்.