வீரையா மைக் பிடித்தபோது

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்து, ஐஸ்கிரீம் கப்போடு மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஏதோ ஒரு கட்சியின் தெருமுனைக் கூட்டம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எதுவாக இருந்தால் என்ன?

ஒருவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். “எங்க தலைவரு தோத்துட்டா அப்பறம் இந்த உசிரு எதுக்குய்யா எனக்கு?”

விசில் பறந்தது. ஐஸ்கிரீம் கப் கையிலிருந்து நழுவி என் வேட்டியில் கவிழ்ந்தது.

“என்னங்க, மறுபடி சுகர் எறங்கிருச்சா?” என்றாள் மனைவி.

சுகர் இல்லை. பயம்.

எழுதுகிறவனெல்லாம் தைரியசாலி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நான் பல்லிக்குப் பயப்படுகிறவன். ஆனால் பல்லியைவிட, பாம்பைவிட, மேடையில் ஒருத்தன் உயிரைப் பற்றிப் பேசினால்தான் எனக்குப் பயம். அது எப்போதிலிருந்து என்றால்... முத்துராசு எம்.பி. எலக்‌ஷனில் நின்றதிலிருந்து.

முத்துராசு என் காலேஜ் தோழன். பெயரை மாற்றியிருக்கிறேன், கட்சியைச் சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கத்துக்காரர்கள் யார் என்று ஊகித்தால், ஊகம் உங்களோடு இருக்கட்டும்.

ஒன்றியக் கவுன்சிலராக ஆரம்பித்து, ஒரு தடவை தோற்று, பிறகு அடுத்தடுத்து இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆனவர். சட்டசபையில் பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் தொகுதிக்குள் ஒரு கேதம் விடமாட்டார். எந்த ஊரில் யார் செத்தாலும், உறவுக்காரன் வந்து சேர்வதற்கு முன்னால் இவர் கார் நிற்கும். செத்தவரின் மகன் பெயர், மருமகள் ஊர் எல்லாம் சொல்வார். இதைவிட ஓட்டுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாவது முறையும் சீட் கேட்டுக்கொண்டிருந்த நேரம். தலைமையிலிருந்து தகவல் வந்தது. அதற்கு முன்னால் வருகிற பார்லிமென்ட் எலக்‌ஷனில் எம்.பி.க்கு நில் என்று.

“புரமோஷன்டா!” என்றேன்.

“மாப்ள, ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். “ஜெயிச்சா டெல்லிக்குப் போயிருவேன், இங்க எடம் காலி. தோத்தா தோத்தவனுக்கு எதுக்கு சீட்டும்பாய்ங்க, அப்பவும் எடம் காலி. ரெண்டுலயும் எவனோ ஒருத்தனுக்கு லாபம்.”

அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அதுவே கடைசி.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு எம்.பி. தொகுதி முன்பு இருந்தது. இப்போது இல்லை. ஊர்களைப் பிரித்து நாலாபக்கமும் ஒட்டவைத்துவிட்டார்கள். ஆகவே எம்.பி.க்கு நிற்கிற எங்கள் ஊர் ஆள், பாதி நாள் பக்கத்து மாவட்டத்தில் ஓட்டுக் கேட்க வேண்டும். அங்கே முத்துராசு யார்? எவர் வீட்டுக் கேதத்துக்கு வந்தார்? ஜீப்பில் கும்பிட்டபடி போவார், டீக்கடையில் இருப்பவர்கள் பக்கத்து ஆளிடம், “யாருங்க இவரு?” என்று கேட்பது ஜீப்பில் இருக்கிற எங்களுக்கே கேட்கும். பாவம், சிரிப்பு மாறாமல் கும்பிட்டுக்கொண்டே இருப்பார்.

பிரசாரம் முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கீரமங்கலத்தில் கூட்டம். சொந்தத் தொகுதி, சொந்த ஜனம். இருந்தும் கூட்டத்தில் சூடு இல்லை. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பேசியவர்கள் எல்லாம் பேசி ஓய்ந்துவிட்டார்கள். அப்போதுதான் வீரையா மைக்கைப் பிடித்தான்.

வீரையா தேங்காய் வெட்டுகிறவன். என் வீட்டுக்கும் அவன்தான் மரம் ஏறுவான். புயல் வந்து தென்னையெல்லாம் சாய்ந்த வருஷம், அவன் மனைவி மல்லிகா நிறைமாதமாக இருந்தாள். ரோடு முழுக்க மரம். முத்துராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மரத்தை அறுக்க ஆள் வைத்து, டிராக்டரில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்றிலிருந்து வீரையாவுக்கு அவர்தான் சாமி. கட்சியில் பதவி கிடையாது, கேட்டதும் கிடையாது. கொடி கட்டுவான், மேடைக்குக் கீழே நிற்பான். மைக் பிடித்ததே இல்லை.

அன்று பிடித்தான். முதலில் குரல் வரவில்லை. பிறகு வந்தது.

“எங்க அண்ணன் தோத்தாருன்னா... அந்தச் சேதியக் கேக்குறதுக்கு இந்த வீரையா உசிரோட இருக்க மாட்டான்!”

அடேயப்பா! கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். விசில் காதைப் பிளந்தது. முத்துராசு எழுந்துவந்து, தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து வீரையாவுக்குப் போர்த்தி, அவனைக் கட்டிக்கொண்டார். செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன. மறுநாள் காலையில் அந்த வீடியோ வராத வாட்ஸ்அப் குரூப் எங்கள் பக்கத்தில் இல்லை.

நம் ஊரில் இது சகஜம்தானே? மேடை என்றால் உயிரைக் கொடுப்போம். இறங்கினால் பஸ்ஸுக்கு ஓடுவோம். யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஓட்டு எண்ணிக்கை பக்கத்து மாவட்டத்து ஊரில் ஒரு காலேஜில். அதற்குக் கிட்டத்திலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் முத்துராசு, நான், கட்சிக்காரர்கள் சிலர், ஒரு டி.வி. முதல் ரவுண்டிலேயே பின்னடைவு. அடுத்ததிலும் அதுவே. எங்கள் பகுதிப் பெட்டிகளில் மட்டும் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கும். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

என் போன் அடித்தது. மல்லிகா.

“சார், அண்ணன் போன் பிஸியாவே இருக்கு. அவுகளக் காணோம் சார்.”

“யாரை?”

“எங்க வீட்டுக்காரவுகள. காலையில டீக்கடையில டி.வி. பாக்கப் போனாக. போன் சுட்ச் ஆஃப். எனக்குப் பயமா இருக்கு சார்... அன்னைக்கு மைக்கில பேசுனாகள்ல...”

முத்துராசுவின் காதில் போய்ச் சொன்னேன்.

அவர் டி.வி.யைப் பார்க்கவே இல்லை. எழுந்தார். “வண்டிய எடுக்கச் சொல்லு.”

கட்சிக்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். “அண்ணே, இன்னும் ரவுண்டு கெடக்கு. வெளிய கேமராக்காரன் நிக்கிறான். இப்பக் கெளம்புனா தோத்துட்டோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ணே.”

“ஒத்துக்கிட்டேன். தள்ளு.”

அந்தக் கார்ப் பயணத்தை நான் மறக்கவே மாட்டேன். ஏசி போட்டும் இரண்டு பேருக்கும் வியர்த்தது. வீரையா நம்பரை நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் குரல் ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வழியில் ஒரு கண்மாய்க்கரையில் கூட்டம். “நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார் முத்துராசு. கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். கரைக்கு ஓடினார், நான் பின்னாலேயே.

மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எம்.எல்.ஏ. வந்துருக்காரு பாருங்கடா” என்று ஒருவர் கும்பிட்டார். இவரால் பதிலுக்குக் கும்பிடக்கூட முடியவில்லை. திரும்பி வந்து காரில் உட்கார்ந்து, “மாப்ள, நான்தானடா அவனுக்குச் சால்வை போட்டேன். ஒரு அறை விட்டு மைக்கப் புடுங்கியிருக்கணும்ல?” என்றார்.

கீரமங்கலத்தில் வீரையா வீட்டு வாசலில் பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். மல்லிகாவை ஏற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைக் கண்டதும் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

“வந்துச்சுங்க. டீயக் கையில வச்சுக்கிட்டு நின்னுச்சு. மொத ரவுண்டு வந்தப்ப...” என்று இழுத்தார்.

“சொல்லுங்க” என்றார் முத்துராசு.

“நம்ம பயலுக சும்மா வெளையாட்டுக்குத்தாங்க. ‘என்ன மாமா, ரெடியா?’ன்னு கேட்டாய்ங்க. இன்னொருத்தன், ‘சொன்ன சொல்லக் காப்பாத்தணும் மாமா’ன்னான். எல்லாரும் சிரிச்சாய்ங்க. டீயக் குடிக்காமயே வச்சுட்டுப் போயிருச்சு. எங்கிட்டுப் போச்சுன்னு தெரியலீங்க.”

மல்லிகா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்தப் பையன்களைத் தேடிப் போய் நாலு வைக்க வேண்டும் போலிருந்தது. முத்துராசு கடையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்று நான் போனை எடுத்தபோது மல்லிகாவின் போன் அடித்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிற வீரையாவின் தங்கச்சி. காலையில் மல்லிகா கேட்டபோது, “இங்கிட்டு வரலையே” என்று சொன்னவள்தான்.

“அண்ணி, அண்ணன் இங்கதான் இருக்கு. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு. முந்திரித் தோப்புல போயி உக்காந்துக்கிட்டு, சாப்பிட மாட்டேங்குது, பேச மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு அண்ணி, வந்துருங்க.”

“நீ அவன விட்டு நகராத. பக்கத்துலயே இரு” என்று போனைப் பிடுங்கிச் சொன்னார் முத்துராசு.

உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் எங்களுக்கு நெஞ்சு அடங்கவில்லை. போய்ச் சேர்வதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? மல்லிகா பின் சீட்டில், தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். ரேடியோவில் ஏதோ செய்தி ஆரம்பிக்க, டிரைவர் பட்டென்று அணைத்தார். ரிசல்ட் என்ன ஆயிற்று என்று காரில் ஒருவரும் கேட்கவில்லை.

தோப்பு வாசலில் கார் நின்றது. தூரத்தில் ஒரு முந்திரி மரத்தடியில் வீரையா. பக்கத்தில் தங்கச்சி. கட்சிக் கொடி கட்டிய காரைப் பார்த்தான். எழுந்தான். வந்து காலில் விழுவான் என்று நினைத்தேன்.

ஓடினான்! மரங்களுக்கு நடுவே, செருப்பில்லாத காலோடு, பேயைக் கண்டவன் மாதிரி ஓடினான். முத்துராசு பின்னால் ஓடினார். இந்த வயதில், இந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. “வீரையா, நில்லுடா! நான்தான்டா!” என்று கத்தக் கத்த அவன் இன்னும் வேகமாக ஓடினான். கடைசியில் வேலியோரம் முட்டிக்கொண்டு நின்றான். நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது கையெடுத்துக் கும்பிட்டு அழுதுகொண்டிருந்தான்.

“மன்னிச்சிருங்கண்ணே. என்னால முடியலண்ணே.”

முத்துராசுவுக்கு முதலில் புரியவில்லை. “என்னடா முடியல?”

“சொன்னனே அண்ணே, மைக்குல... எல்லாரும் பாத்தாகளே. ஆனா புள்ள மொகம் வந்துருச்சுண்ணே. எனக்குச் சாகப் பயமா இருக்குண்ணே. நீங்க தோத்துட்டு நிக்கிறீங்க, நான் இப்புடி உசிரோட...”

உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கிறான்! நானும் இந்த வயதுக்குள் எத்தனையோ பேர் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை அதற்கு முன்னால் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.

“டேய்... கிறுக்குப் பயலே...” என்று ஆரம்பித்தார் முத்துராசு. முடிக்கவில்லை. அவனை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதார். கேமரா இல்லை, கூட்டம் இல்லை. அவர் அழுது நான் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

மல்லிகா மெதுவாக வந்தாள். வீரையாவின் முதுகில் சுளீரென்று ஒன்று வைத்தாள். பிறகு அவன் காலில் தைத்திருந்த முள்ளைக் குனிந்து பார்த்தாள்.

சாயங்காலம் அவர்களை அழைத்துக்கொண்டு திரும்பினோம். வீரையா, “ஊருக்குள்ள எப்புடிண்ணே மொகத்தக் காட்டுறது?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். முத்துராசு காரை நேரே அந்த டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். அவன் கையைப் பிடித்து இறக்கினார். “ரெண்டு டீ” என்றார். காலையில் கிண்டல் பண்ணிய பையன்கள் பெஞ்சில்தான் இருந்தார்கள்.

“தம்பிகளா, நான் தோத்துட்டேன்” என்றார் முத்துராசு. “வீரையா நல்லா இருக்கான். இனிமே ஏதாச்சும் கேக்கணும்னா எங்கிட்டக் கேளுங்க.”

ஒருத்தன் எழுந்து வீரையாவுக்கு உட்கார இடம் விட்டான். வேறொன்றும் நடக்கவில்லை.

முத்துராசு பயந்தபடியே, அடுத்த முறை எம்.எல்.ஏ. சீட் வேறு ஒருவருக்குப் போனது. இப்போது பெயருக்கு முன்னால் ‘முன்னாள்’ இருக்கிறது. கேதத்துக்கு மட்டும் தவறாமல் போகிறார்.

அன்று டீக்கடையிலிருந்து வந்து வீரையாவையும் மல்லிகாவையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “வாரேம்மா” என்று கும்பிட்டார். உள்ளே போன மல்லிகா திரும்பி வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“எப்ப வேணும்னாலும் வாங்கண்ணே. எங்க வீட்டுல ஒங்களுக்கு ரெண்டு ஓட்டு இருக்கு. உசிரு இல்ல.”