முதல் வரியில் நின்ற கையொப்பம்

கனடாவில் நாங்கள் வாழும் நகரின் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி மலிந்து கிடக்கும் புரட்டாதி மாதத்தில், நானும் அக்காவும் ஒரு மனுவுக்குக் கையொப்பம் சேர்க்கத் தொடங்கினோம். அக்கா என் உடன்பிறந்தவர் அல்லர். சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்பவர். இலங்கையில் போர் முடிந்த நாள்களில் அவருடைய கணவர் படையினரிடம் சரணடைந்து, அக்காவின் கண்ணெதிரே பேருந்தில் ஏற்றப்பட்டார். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. அக்கணவரையும் அவரைப் போல் காணாமற் போனோரையும் பற்றி இலங்கை அரசிடம் கேட்குமாறு கனடா நாடாளுமன்றத்தை வேண்டும் மனு அது. வாசகம் என்னுடையது, சொல் பிசகாமல் எழுதினேன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

முதற் கையொப்பம் யாருடையது என்பதை அக்கா முன்பே முடிவு செய்திருந்தார். நகரை ஒட்டிய ஆற்றின் தென்கரையில், இம்மண்ணின் முதற்குடிகளான மோஹாக் மக்களின் ஊரொன்றிலிருந்து ஆண்டுதோறும் தக்காளி வாங்க வரும் அம்மையார் ஒருவர். அவருடைய சித்தியும் இந்நகருக்கு வந்து காணாமற் போனவர். அக்காவின் கதையை இடைமறிக்காமல் முழுதும் கேட்டவர் அவர் ஒருவரே.

"நாங்கள் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாசிச்ச உடனை போடுவா," என்றார் அக்கா.

தக்காளி வாங்க வந்த அம்மையார் மூக்குக்கண்ணாடி அணிந்து மனுவைப் படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

"இதில் உள்ளதெல்லாம் உண்மை," என்றார் ஆங்கிலத்தில். "முதல் வரியைத் தவிர."

முதல் வரி, 'கனடாவின் குடிமக்களாகிய நாங்கள்' என்று தொடங்கிற்று.

அது வெறும் மரபு வாசகம் என்றும், அஃதின்றி மனுவை ஏற்கமாட்டார்கள் என்றும் விளக்கினேன்.

"தெரியும். எங்கள் முன்னோர் இங்கே வந்து குடியேறிய வெள்ளையரோடு உடன்படிக்கை செய்தார்கள், இரு தரப்பாக நின்று. அவர்களுடைய குடிகளாவோம் என்று அதில் இல்லை. எங்களுக்கு இழைத்ததற்கெல்லாம் இந்த அரசினர் மன்னிப்புக் கேட்டார்கள். நானும் தொலைக்காட்சியில் பார்த்தேன். படிவத்தை மட்டும் மாற்றவில்லை."

அக்காவின் முகம் வாடிற்று. என்னிடம் தமிழில், "நீர் எழுதினதுதானே? அந்த வரியை வெட்டும்," என்றார்.

"வெட்டினால் செல்லாது, அக்கா."

"அப்ப உம்மடை படிப்பு என்னத்துக்கு?"

"உங்களைத்தானே திட்டுகிறார்?" என்று அம்மையார் சிரித்தார். பின்னர் ஒரு வெற்றுத்தாள் கேட்டார். இப்பெண் சொன்னதைத் தாம் கேட்டதாகவும், நம்புவதாகவும், அவர் கணவர் எங்கே என்று தாமும் கேட்பதாகவும் எழுதி ஒப்பமிட்டு, கீழே தம் ஊர்ப்பெயரைத் தம் மொழியில் எழுதினார். தாளை அக்காவின் கையில் கொடுத்தார்.

"நாடாளுமன்றத்தில் இதைக் கையொப்பமாக எண்ணமாட்டார்கள்," என்றார்.

அவர் இரண்டு பெட்டித் தக்காளியோடு போனபின், அத்தாளை வீட்டில் பத்திரமாக வைக்குமாறு அக்காவிடம் சொன்னேன்.

"இல்லை. இதுதான் முன்னுக்கு. எண்ணாட்டி விடட்டும். வாசிக்கட்டும்," என்று அக்கா அதனை மனுவின் மேலே வைத்து ஊசி குத்தினார். பிறகு படிவத்தை என்னிடம் நீட்டினார். "சரி, நீர் போடும்."

இந்நகரில்தான் நான் மகிழ்ச்சியோடு குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். அவ்வரியில் என்னளவில் பொய்யேதும் இல்லை. ஆயினும் நானே எழுதிய அதனைக் கடந்து செல்லச் சற்று நேரம் பிடித்தது.

"என்ன யோசினை? சனம் வருகுது," என்றார் அக்கா.

ஒப்பமிட்டேன்.