ஓணம் கழிந்தும் பூவிட்ட வீடு

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த ஆண்டு, ஊரில் வேறெந்த வீட்டுக்கும் வாய்க்காத நீண்ட ஓணம் எங்கள் வீட்டுக்கு வாய்த்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒற்றசேகரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏறிப்போகும் பாறையில், ஆடிமழை ஓய்ந்ததும் ஈரம் கசிகிற இடமெல்லாம் காக்காப்பூ நீலமாக விரிந்து கிடக்கும். ஓரத்தில் தும்பை, புல்லுக்குள் மஞ்சளாய் முக்குற்றி. அத்தம் தொடங்கித் திருவோணம்வரை, சாணமிட்டு மெழுகிய முற்றத்தில் காலைதோறும் இந்தப் பூக்களால் கோலம்போலக் களமிடுவது வழக்கம். ஓராண்டுக்குள் சாவு விழுந்த வீட்டில் மட்டும் இட மாட்டார்கள்.

அப்பா பம்பாயில் கட்டிட வேலையில் இருந்தார். அத்தத்துக்குச் சற்று முன்பு, அம்மாவின் தம்பியான மாமன் அவசரமாக அங்கே போய், அப்பாவின் பையோடு திரும்பினார். ஓணத்துக்கு வருகிறவர் சுமையை முன்கூட்டியே அனுப்பிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அத்தத்தன்று விடியும்போதே அம்மா என்னை எழுப்பினாள். கூலிவேலைக்கு ஓடும் அவள் அதுவரை ஒருநாளும் பூப்பறிக்க வந்ததில்லை. அன்று பாறையெல்லாம் ஏறி இரண்டு கையாலும் பறித்து, கும்பிளாகச் சுருட்டிய சேம்பிலையில் நிறைத்தாள். பனியில் நனைந்த தும்பைக்குள் நாங்கள் இருவர் மட்டும். அதைவிட நல்ல காலை எனக்கு வாய்த்ததில்லை.

முற்றத்தில் மாமன் நின்றார்.

“அக்கா, வேண்டாம். இந்த வருசம் இந்த முத்தத்துல பூ இடப்பிடாது. ஊருல கேட்டா நான் என்ன சொல்ல?”

“ஏன் இடப்பிடாது? நீ கண்ணால கண்டியாலே?”

“நான் போவச்சில எல்லாம் முடிஞ்சுபோச்சுல்லா…”

“அப்ப நீ காணல்ல.” அம்மா என் பக்கம் திரும்பினாள். “மக்கா, நீ சொல்லு. நம்ம வீட்டுல ஆராவது செத்தாவளா?”

வீட்டில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான். கேள்வி கேட்டால் உரக்க விடை சொல்லப் பழகியிருந்தேன்.

“இல்ல!”

மாமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

திருவோணம் கழிந்தது. மற்ற முற்றங்களில் வாடிய பூக்களைப் பெருக்கித் தள்ளினார்கள். மறுநாளும் அம்மா எழுப்பினாள்.

“ஓணம் களிஞ்சுல்லாம்மா?”

“களிஞ்சா என்ன? உங்கப்பன் இன்னும் வரல்லல்லா. வாறது வரை இடணுமாக்கும்.”

எங்கள் வீட்டில் இன்னும் ஓணம் என்று பள்ளியில் பெருமையடித்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. என்னோடு படித்த கூட்டுக்காரன் ஒருவனின் அம்மா என்னைக் கூப்பிட்டு இலையடை தந்து, தலையைத் தடவினாள். அதையும் மரியாதை என்றே வாங்கித் தின்றேன்.

நாள் போகப் போக வெயில் ஏறிப் பாறை உலர்ந்தது. ஒருநாள் காக்காப்பூவின் காய்ந்த தண்டுகள்தான் நின்றன. அம்மா புல்லை விரலால் கோதிக் கோதித் தேடினாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“பூ தீந்துபோச்சு மக்கா.”

“அடுத்த வருசம் பூக்கும்லாம்மா,” என்றேன், தேற்றுவதற்காக.

அம்மா பாறையில் குப்புற விழுந்து அலறினாள். கீழேயிருந்து மாமன் ஓடிவருவது தெரிந்தது. நான் மிரண்டு நின்றேன். பூவுக்காக ஒருத்தி இப்படி அழுவாள் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.