மிதக்கிற ஈக்கு மெல்லிய முள்

டிரவுட் என்ற மீனை நான் கண்ணால் பார்த்தது, இமாசலத்தில் குலு பக்கம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வருடம். உடம்பெல்லாம் புள்ளி, மற்றபடி மீன்தான். எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். எது தட்டில் விழுந்தாலும் சாப்பிட்டுவிடுவேன். அன்று மட்டும் சோறு இறங்கவில்லை.

அந்த மீனுக்காக என் அத்தை இரண்டு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை செய்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அதில் அப்பா, அம்மா, நான், அம்மா வயிற்றில் ஒன்று. அப்புறம் அப்பாவின் தங்கையான அத்தை. திருவள்ளூர் பக்கம் புருஷன் வீட்டில் அடி தாங்காமல் ஒரு துணிப்பையோடு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள்.

கரையான்சாவடியில் ஒரு சின்ன கம்பெனி இருந்தது. தூண்டில் முள்ளில் நூலும் சேவல் இறகும் சுற்றி, ஈ மாதிரி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். தண்ணீரில் போட்டால் நிஜ ஈ என்று நம்பி மீன் வந்து கவ்வுமாம். அத்தை அதை வீட்டிலேயே கட்டிக்கொடுத்தாள். அவனவன் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டுகிறான், உங்கள் அத்தை ஈ கட்டிப் பிழைக்கிறது என்று பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கேலி செய்வார். அத்தை சிரித்துக்கொள்வாள்.

கட்டுவதைவிட முள் பொறுக்குவதில்தான் அவள் கெட்டிக்காரி. மிதக்கிற ஈக்கு மெல்லிய கம்பி முள், முங்குகிற ஈக்குத் தடித்த முள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அவள் விரலில் உருட்டியே பிரித்துவிடுவாள். நூல் கோக்கிற வளையம் சரியாக மூடாமல் இருந்தால் நூலை அறுத்துவிடும், அதைத் தள்ளிவைப்பாள். முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுப்பாள். வழுக்கினால் மொட்டை. குத்தி நின்றால் நல்ல முள். இவ்வளவு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"அது இன்னா நம்ம ஏரி ஜிலேபி மீனாடா, எத்த போட்டாலும் துன்றதுக்கு? பனியில கீற மீனு. ரொம்ப வெவரமாம்" என்றாள், அதோடு பழகியவள் மாதிரி.

அந்த ஆடியில் கம்பெனி சூப்பர்வைசர் அவளிடம் மிதக்கிற ஈ மட்டும் ஒரு சரக்கு கொடுத்தார். அது தேறினால் அவளை உள்ளேயே முள் பொறுக்குகிற வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மாதச் சம்பளம். தனியாக ஒரு அறை பார்த்துக்கொள்ளலாம். இதற்கிடையில் அவள் புருஷன், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வந்து கூட்டிப்போவதாக ஆள் சொல்லி அனுப்பியிருந்தான். வேலை கிடைத்தால் போக வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். எல்லோர் எதிரிலும்தான் சொன்னார். புருஷனை விட்டுவிட்டுத் தங்கை தனி அறையில் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று ராத்திரி அம்மாவிடம் முனகியதும் அவர்தான்.

அத்தை பொறுக்கி முடித்த முள் டப்பாவை நான் தட்டிவிட்டேன். அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தரையெல்லாம் முள். கையால் எடுத்தால் குத்தியது. ஆட்டோக்காரர் தூக்கிப் போட்ட ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று என் பையில் இருந்தது. அதைத் தரையில் ஒரு சுற்று சுற்றினேன். அத்தனை முள்ளும் மீசை முளைத்த மாதிரி அதில் ஏறிக்கொண்டன. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வழித்து டப்பாவில் போட்டு மூடினேன். காந்தத்தைக் கால்வாயில் எறிந்தேன்.

ஒருமுறை காந்தம் ஏறிய முள் லேசில் அதை விடாது என்பது எனக்குத் தெரியாது. அத்தைக்கும் தெரியவில்லை. கத்தரிக்கோலோடு முள் ஒட்டிக்கொண்டு வந்தபோது ஈரம் என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். தொட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒவ்வொன்றாகப் பிரித்து, ராப்பகலாகக் கட்டி முடித்தாள்.

புதன்கிழமை கம்பெனிக்குப் போகும்போது பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டேன். சூப்பர்வைசர் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார். ஈக்கள் உருண்டையாக விழுந்தன. இறகெல்லாம் ஒன்றில் ஒன்று சிக்கி நசுங்கியிருந்தது. எல்லாப் பாக்கெட்டும் அப்படித்தான்.

"ஊட்ல காந்தம் எதுனா இருக்குதாக்கா?"

"காந்தத்துக்கு நான் எங்கப்பா போவேன்?"

"அப்ப முள்ள வேற யார்கிட்டயோ குடுத்துகீறீங்க. கட்னது நல்லாத்தான் கீது. ஆனா பொய் சொல்றவங்கள நான் எப்டி உள்ள வைக்கிறது? சனிக்கெயமக்குள்ள இன்னா ஆச்சுன்னு வந்து உண்மைய சொல்லுங்க. வேற முள்ளு தரேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அத்தையிடம் சொன்னாயா என்று மட்டும் கேட்டார். பிறகு பேக்கரிக்குக் கூட்டிப்போய் ஒரு கிரீம் பன் வாங்கித் தந்தார். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"அத்தைகிட்ட சொல்லாத நைனா. அதுக்கு மனசு கஷ்டமா பூடும்."

உண்மையைச் சொல்ல சனிக்கிழமைவரை இன்னும் மூன்று நாள் இருந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அவரை அன்று ரொம்பப் பிடித்துப்போனது.

அந்த மூன்று நாளும் அத்தை நூலைப் பார்த்தாள், பசையைப் பார்த்தாள், இறகைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தாள். கம்பெனிக்குச் சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சனிக்கிழமையும் கடந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை புருஷன் தன் அண்ணனோடு வந்தான். அம்மா அவர்களுக்கு டீ போட்டாள். அத்தை மூலையில் உட்கார்ந்து புடவைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"காந்தம் எங்கேர்ந்துடா வந்துது?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அது மட்டும் தெரிஞ்சா போதும்டா எனக்கு."

எனக்கு வாய்வரை வந்தது. அப்பா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் மனசு கஷ்டப்படக் கூடாது என்று, தெரியாது அத்தை என்றேன். அப்பா தலையை ஆட்டினார். நான் சரியாகத்தான் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.